வீடும் விடுதலையும்

'விடு' என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொற்களுள் 'வீடு', 'விடுதலை' என்னும் இரண்டும் ஒருங்கு வைத்து நோக்குதற்குரியன. அறம், பொருள், இன்பம் என்பவற்றின் பின் நான்காவதாக எண்ணப்படும் வீடு, உயிரானது தன் கட்டுக்களை விட்டு நீங்கும் நிலையாகும். அச்சொல்லே மனிதன் குடியிருக்கும் இல்லத்துக்கும் பெயராய் வழங்குகின்றது. விடுதலை என்பதோ இக்காலத்தில் பெரிதும் அரசியற் சொல்லாகிவிட்டது. முன்னது தனியுயிர்க்கு உரியது, பின்னது கூட்டத்தார்க்கு உரியது என்று இரண்டையும் வேலியிட்டுப் பிரிக்கும் வழக்கமும் படித்தோரிடையே வேரூன்றியுள்ளது. இந்த வேலி எத்துணைப் பொருத்தமானது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

வன்னிப் பெருநிலத்தில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில், மலையகத் தோட்டங்களிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பல்லாயிரவர் வாழ்கின்றனர். அவர்கள் எதனைத் தேடி வந்தனர், எதனைப் பெற்றனர் என்பதை விளங்கிக்கொள்வதற்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறும் எழுத்தும் பெரிதும் துணைசெய்கின்றன. இவ்வாறு ஒப்புநோக்குதல் புதியதுமன்று. மராட்டியத்திலே சோதிபா பூலே 1873-இல் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கே உரிமையாக்கினார். ஆயினும் ஒப்புமையை அளவுக்கு மேல் நீட்டலாகாது. அமெரிக்க அடிமை சந்தையில் விலைபேசப்பட்டவன். தோட்டத் தொழிலாளி கங்காணியின் கடனாலும் துரையின் சட்டத்தாலும் கட்டுண்டவன். ஒன்றை மற்றதாகச் சொல்வது இருவர்க்கும் இழைக்கும் அநீதியாம். பிறர் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தும் அந்நிலத்தில் ஓரடியேனும் தமதென்று சொல்ல இயலாது நின்றமையே இரு திறத்தார்க்கும் பொதுவானது.

தமிழிலக்கியத்தில் ஒடுக்கப்பட்டவன் ஒருவனின் விடுதலை என்றவுடன் எண்ணத்தில் எழுபவர் நந்தனார். சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் ஆதனூர்ப் புலைப்பாடியிற் பிறந்து, கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் யாழ்வீணைகளுக்கு நரம்பும் வழங்கித் தாம் வாயிலின் புறத்தே நின்றவர். திருப்புன்கூரில் நந்தி விலகியது. தில்லையிலோ மதிலைச் சுற்றிச் சுற்றி வந்தாரேயன்றி உள்ளே புகுந்தாரல்லர். பின்னர் இறைவன் ஆணையால் தெற்கு வாயிற்புறத்தே தீ வளர்க்கப்பட, அதில் மூழ்கி முப்புரி நூலுடன் முனிவராய் எழுந்து, அம்பலத்தே புகுந்து மறைந்தார். அன்பின் பெருமையைப் பாடவந்த புலவர் அதனைக் குறைவறப் பாடினார். அவரிடம் பிறிதொன்றை எதிர்பார்ப்பது முறையன்று. ஆனால் அக்கதையைச் சமூக வினாவுக்கு விடையாகக் காட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நந்தனார் புகுந்தபின் வாயில் மீண்டும் அடைபட்டது. ஆதனூர்ச் சேரியில் அவருடைய சுற்றத்தார் மறுநாட் காலையிலும் முன்போலவே வயலுக்குச் சென்றிருப்பர். உட்சென்றவரும் தம் பழைய உருவைத் தீயிலிட்ட பின்னரே செல்ல முடிந்தது. அவராகவே அவர் செல்ல இயன்றிலது. கோபாலகிருஷ்ண பாரதியார் நில உடைமைக்கார வேதியர் ஒருவரைக் கதையினுட் கொணர்ந்து, உழுபவனின் துயரைப் பாட்டாக்கினார். இருபதாம் நூற்றாண்டில் இந்திரா பார்த்தசாரதி தமது 'நந்தன் கதை' நாடகத்தில் அத்தீயையே சூழ்ச்சியாகக் காட்டினார். தமிழ்மனம் இக்கதையை விட்டொழிக்கவும் மாட்டாமல், உள்ளவாறே ஏற்கவும் மாட்டாமல் மீண்டும் மீண்டும் எழுதிப்பார்க்கின்றமைக்குக் காரணம், அடைபட்ட அந்த வாயிலே எனலாம்.

ஈழத்தில் அவ்வாயிலைப் பலர் ஒன்றுகூடித் தட்டிய காலம் 1960-களாகும். 1966 ஒக்டோபர் 21-இல் சங்கானையில் தொடங்கிய எழுச்சியும், 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் யாவரும் அறிந்தவை. 1957-ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் ஏட்டில் இருந்தும், தேநீர்க் கடைக் குவளையும் கோயிற் படியும் மாறாதிருந்தமையே அவற்றுக்குக் காரணம். அப்போராட்டங்களின் எழுத்தாளர் கே. டானியல். அவருடைய 'பஞ்சமர்' நாவலில் தலைவன் என்று ஒருவனைச் சுட்டுதல் அரிது. ஊரே தலைமை தாங்குகின்றது. இதுவே அதன் வலிமை. குறையும் அதனுள்ளேயே இருக்கின்றது. கூட்டம் எழுந்து நிற்கும் இடங்களில் டானியலின் உரைநடை வீறுகொள்கின்றது. அக்கூட்டத்துள் ஒருவன் தனித்திருந்து அஞ்சும் பொழுதும், இழிசொல்லைக் கேட்டுக் கேட்டு அதனைத் தானே நம்பத் தொடங்கும் பொழுதும் அவர் விரைந்து கடந்துவிடுகின்றார். பிற்பட்ட 'கானல்' நாவல் இவ்வகையில் ஒருபடி ஆழமானது. மதம் மாறியும் சாதி மாறாத ஏமாற்றத்தை அது காட்டுமிடத்து, மனிதரின் உள்ளம் சற்றே திறந்து தெரிகின்றது.

தனியொருவனின் உள்ளமும் கூட்டத்தாரின் நலமும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கும் எழுத்து இயலுமா என்று வினவுவோர்க்கு, 1845-இல் வெளிவந்த பிரெடரிக் டக்ளசின் தன்வரலாறு நல்ல விடையாகும். மேரிலாந்தில் அடிமையாய்ப் பிறந்த டக்ளசுக்கு எசமானி எழுத்தறிவிக்கத் தொடங்கினாள், எசமான் தடுத்தான். கல்வி அடிமையைக் கெடுத்துவிடும் என்று அவன் சொன்ன காரணமே, கல்வியின் பயன் யாதென்பதைச் சிறுவனுக்கு உணர்த்திற்று. பின்னர் வேறொரு பண்ணையில் இருந்தபோது அவர் ஞாயிறுதோறும் சக அடிமைகளுக்கு மறைவாக எழுத்துக் கற்பித்தார்; நாற்பதுக்கு மேற்பட்டோர் கூடினர். 1836-இல் தோழர் சிலருடன் கூடித் தப்ப முயன்ற முயற்சி காட்டிக்கொடுக்கப்பட்டுச் சிறையில் முடிந்தது. 1838 செப்டெம்பர் 3-இல் அவர் தனியே தப்பினார். கூடிச் செய்த முயற்சி தோற்க, தனித்துச் செய்த முயற்சி வென்றது என்பதால் தனிவழியே சிறந்ததென்று அவர் முடிவுகட்டவில்லை என்பதற்கு அந்நூலிலேயே சான்று உண்டு.

அச்சான்று அவர் எழுதாது விட்ட பகுதியாகும். தப்பிய கதையைக் கேட்கவே வாசகர் நூலை வாங்கினர். எவ்வாறு தப்பினார் என்பதையோ டக்ளஸ் சொல்லவில்லை. சொன்னால் அவ்வழி அடைபடும், பின்வருவோர் அகப்படுவர் என்று காரணம் காட்டி மௌனமானார். மாலுமி ஒருவரின் பத்திரத்தைக் கையிற்கொண்டு புகைவண்டியேறிய செய்தியை 1881-இலேயே, அடிமைமுறை ஒழிந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பின், வெளியிட்டார். இதற்கு மாறாக, 1849-இல் றிச்மண்ட் நகரிலிருந்து மரப்பெட்டியினுள் அடைபட்டுப் பொதியாகப் பிலடெல்பியா சென்று சேர்ந்த ஹென்றி பிறவுண் என்பாரின் கதை நாடெங்கும் பறையறையப்பட்டது. அதன்பின் அவ்வகையில் அனுப்பப்பட்டோர் பிடிபட்டனர். அக்கதை வெளிவராதிருந்தால் ஆண்டுதோறும் ஆயிரம் பேர் அவ்வழியே தப்பியிருப்பர் என்னும் கருத்தை டக்ளஸ் 1855-இல் எழுதிய இரண்டாம் நூலில் வருந்திக் கூறினார். தன்வரலாற்றில் ஓரிடத்தை வெறுமையாக விடுதல் எழுத்துக் கலையின்படி குறையாகலாம். பின்வருவோர்க்கு வாயிலைத் திறந்துவைத்த அவ்வெற்றிடம் அந்நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று.

ஹரியற் ரப்மன் என்னும் பெண்மணியோ எழுத்தறியாதவர். 1849-இல் தப்பித் தன்னுரிமை பெற்றவர், அடுத்த பதினோராண்டுகளில் ஏறத்தாழ பதின்மூன்று முறை அடிமை நாட்டுக்கே திரும்பிச் சென்று, எழுபது பேர்வரை அழைத்துவந்தார். மக்கள் அவரை மோசே என அழைத்தனர். அவர் பாடிய பாடல்கள் பக்திப் பாடல்களே. ஆற்றைக் கடத்தலும் வாக்களிக்கப்பட்ட நாட்டைச் சேர்தலும் அவற்றின் பொருள். கானான் நாட்டைப் பாடியபோது தாம் வடதிசையையே கருதியதாக டக்ளசும் எழுதியுள்ளார். ஆன்மா கரைசேர்வதும் உடல் எல்லை கடப்பதும் ஒரே பாட்டில், ஒரே சொல்லில் நின்றன. வீட்டையும் விடுதலையையும் பிரித்துவைத்துப் பழகிய தமிழ் வாசகர் ஊன்றி நோக்கவேண்டிய இடம் இது. அம்மக்களுக்கு ஒன்று மற்றதன் உருவகமன்று. இரண்டும் ஒருங்கே வேண்டப்பட்டன.

ஈழத்தில் திரும்பிவந்தவர் என்று சொல்லத்தக்கவர் டொமினிக் ஜீவா. பள்ளியிற் சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டுப் படிப்பை இடையில் நிறுத்தி, சிகை திருத்தும் தொழில் செய்து, எழுத்தாளராகிச் சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றவர். பரிசோடு தம் இடத்தை உறுதிப்படுத்திக்கொண்டு அமைந்திருக்கலாம். 1966-இல் 'மல்லிகை'யைத் தொடங்கி, தெருத்தெருவாகத் தாமே சுமந்து விற்று, நான்கு தசாப்தங்களுக்கு மேலாகப் பிறருக்கு இடம் திறந்தார். அவர் சிறுகதைகளின் தரம் ஒருசீரானதன்று என்பது மெய். சஞ்சிகையால் விளைந்த பயனைக் கதைகளை வைத்து அளத்தல் கூடாது.

இனி, வாயிலைக் கடந்தபின் நிற்க நிலம் வேண்டும். அமெரிக்க அடிமைகள் 1865-இல் சட்டப்படி விடுதலை பெற்றனர். அவ்வாண்டு சனவரி 16-இல் படைத்தலைவர் ஷேர்மன் பிறப்பித்த 15-ஆம் இலக்கக் களக்கட்டளை, கரையோரத்தில் ஏறத்தாழ 4 இலட்சம் ஏக்கரை ஒதுக்கி, குடும்பமொன்றுக்கு 40 ஏக்கர்வரை வழங்க வழிசெய்தது. ஏறத்தாழ 40,000 பேர் குடியமர்ந்தனர், பயிரும் வைத்தனர். ஆண்டு முடியுமுன் சனாதிபதி ஜோன்சன் அக்காணிகளைப் பழைய எசமானர்க்கே மீளக் கொடுத்துவிட்டார். விடுதலை பெற்றவர்கள் அதே வயலில் வாரக்குடிகளாய் நின்று, விதைக்கும் உரத்துக்கும் கடன்பட்டு, அறுவடையில் அக்கடனைத் தீர்க்க மாட்டாது மறுபடியும் கட்டுண்டனர். விடுதலை வந்தது, வீடு வரவில்லை.

வன்னியில் வாழும் மலையக மக்களின் கதையும் இங்கேதான் வந்து பொருந்துகின்றது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் ஏறத்தாழ 7 இலட்சம் தோட்டத் தமிழர் நாடற்றவராயினர். நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில் இது நிகழ்ந்தமை, கூட்டு விடுதலை என்னும் சொல் எவரைக் கூட்டத்துள் எண்ணுகின்றது என்று கேட்க வைக்கின்றது. 1964 ஒக்டோபர் 30-இல் இரு பிரதமர்கள் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்டாரில்லை. 1970-களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் வந்த பஞ்சமும், 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களும் அவர்களுள் பலரை வடக்கு நோக்கித் துரத்தின. வவுனியாவைத் தளமாகக் கொண்ட காந்தீயம், கட்டடக் கலைஞர் சோ. அ. டேவிட், மருத்துவர் சோ. இராஜசுந்தரம் ஆகியோர் தலைமையில் அவர்களைக் குடியமர்த்தி, கிணறும் பாலர் பள்ளியும் அமைத்தது. இராஜசுந்தரம் 1983 யூலை 27-இல் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். டொலர் பாம், கென்ற் பாம் ஆகியவற்றிற் குடியேறியோர் 1984-இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். குடியுரிமைச் சிக்கல் சட்டத்தளவில் முற்றாகத் தீர்வதற்கு 2003-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

இம்மக்களின் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947-இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்று, குடியுரிமைச் சட்டத்தின் பின் தம் மக்களே வாக்கிழந்து நிற்கக் கண்டவர் அவர். தோட்டத்தில் தொழிற்சங்கம் கட்ட முனைந்து நிலைகுலையும் தொழிலாளியின் கதையான அவருடைய நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயர். தோட்டத்து லயக் காம்பரா தொழிலோடு ஒட்டியது. வேலையினின்று நீக்கப்பட்டால் காம்பராவும் போகும். ஆகவே கூட்டத்தாரின் உரிமைக்காகப் பேசுகின்றவன் முதலில் இழப்பது தன் குடியிருப்பையே. இந்நிலையை முழக்கமின்றி, தொழிலாளர் பேச்சிலேயே வைத்து அவர் சொல்லிச் செல்கின்றார். 'வீடற்றவன்' என்பதற்கு முத்தி இல்லாதவன் என்றும் பொருளுண்டு. ஆசிரியர் கருதினாரோ இல்லையோ, தமிழ்ச்சொல் அதனையும் உடன் கொணர்ந்துவிடுகின்றது.

வன்னி நாவல்களில் இவ்வீடற்றவன் எங்கே நிற்கின்றான்? அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973-இல் வெளிவந்தபோது, தண்ணிமுறிப்புக் காட்டையும் பதஞ்சலி என்னும் பேதைமை மாறாப் பெண்ணையும் தமிழுலகம் முதன்முறையாகக் கண்டு வியந்தது. அந்நாவலின் அழகு குன்றாதது. ஆனால் அதன் காடு, அங்கேயே பிறந்து வளர்ந்தோரின் காடு. செங்கை ஆழியானின் 'காட்டாறு' குடியேற்றப் பகுதியில் எளியோர் ஏய்க்கப்படுவதை அதிகாரியாயிருந்து கண்ட கண்ணோடு காட்டியது. இவ்விரு நூல்களுக்கும் உரிய புகழை மறுத்தற்கில்லை. எனினும் படித்த வாலிபர் திட்டங்களில் மிளகாயும் வெங்காயமும் விளைந்தபோது, அக்கமங்களிற் கூலிக்கு நின்று நீர் கட்டியவன் மலையகத்திலிருந்து வந்தவன். அவன் இந்நாவல்களின் நடுவே நிற்கவில்லை. வயலோரத்தில் நிற்பவனைப் பெயர்சொல்லி அழைத்து நடுவே இருத்துதல் வன்னி இலக்கியத்தின் பெரும் பணி என்க.

தருமபுரம், மலையாளபுரம், பாரதிபுரம் முதலிய ஊர்கள் அவர்தம் உழைப்பால் எழுந்தவை. இரணைமடு வாய்க்காலின் நீர் பாயும் வயல்கள் பெரும்பாலும் முன்வந்தோர் கையில் இருக்க, பின்வந்த இவர்களுக்கு மேட்டுக்காணியே வாய்த்தது. அதற்கும் அனுமதிப்பத்திரம் பெற்றோர் சிலர், பெறாதோர் பலர். 'தோட்டக்காட்டான்', 'வடக்கத்தியான்' என்னும் சொற்களை அவர்கள் சிங்களத்திற் கேட்டாரல்லர், தமிழிலேயே கேட்டனர். இன விடுதலையின் பெயரால் நிகழ்ந்த நெடும்போரில் அவர்தம் பிள்ளைகள் பலர் மாண்டனர். மாண்டவர்க்குக் கூட்டத்துள் கிடைத்த இடம் உயிரோடிருந்தபோது கிடைத்ததா என்று உசாவினால், விடை கசப்பானது. 2009-க்குப் பின் வவுனியாவின் மெனிக் பாம் முகாமிலிருந்து மீண்டவர்கள் வீட்டுத்திட்டங்களுக்கு விண்ணப்பித்தபோது காணிக்கான ஆவணம் கேட்கப்பட்டது. முப்பதாண்டு குடியிருந்த நிலத்துக்குத் தாளில்லாதவர் மறுபடியும் தகரக் கூரையின் கீழ்க் காத்திருக்க நேர்ந்தது.

கூட்டத்தின் விடுதலை அக்கூட்டத்துள் இருக்கும் ஒவ்வொருவரையும் தானே சென்றடையும் என்னும் நம்பிக்கையைக் கறுப்பினப் பெண்களே மிகக் கூர்மையாக மறுத்தனர். 1863 யூன் 2-இல் கொம்பாகி ஆற்றங்கரையில் ரப்மன் வழிகாட்டிய படையெடுப்பு 700 பேருக்கு மேல் விடுவித்தது. அந்த ஆற்றின் பெயரையே தம் குழுவுக்குச் சூட்டிய பொஸ்ரன் நகரப் பெண்கள், 1977-இல் வெளியிட்ட அறிக்கையில், கறுப்பினப் பெண்கள் விடுதலை பெறுவராயின் அனைவரும் பெற்றவராவர் என வாதிட்டனர். நிறத்தாலும் வறுமையாலும் பெண்மையாலும் ஒருங்கே ஒடுக்கப்படுவோரின் தளை அறுவதற்கு ஏனைத் தளைகள் யாவும் அறவேண்டும் என்பது அவர்தம் நியாயம். ஆண்களோடு பகைகொண்டு பிரிந்து செல்ல அவர்கள் விரும்பவில்லை. கூட்டத்துள் நின்றே கூட்டத்தைக் கேள்வி கேட்டனர்.

இந்நியாயத்தை வன்னியில் வைத்துப் பார்க்கும்போது சி. வி.யின் நாவற்பெயரில் உள்ள ஆண்பால் விகுதி கண்ணில் உறுத்துகின்றது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935-இல் இயற்றப்பட்டது. பின்னுரித்தாளர் குறிக்கப்படாதவிடத்து, அதன் மூன்றாம் அட்டவணை மகளுக்கு முன் மகனையும் தங்கைக்கு முன் தம்பியையும் நிறுத்தியது. 2022-இலேயே அது திருத்தப்பட்டது. போரிற் கணவனை இழந்து கிளிநொச்சிக்குத் திரும்பிய பெண்கள் பலர், காடு வெட்டிய நாளிலிருந்து அந்த மேட்டுக்காணியில் கணவரோடு ஒக்க உழைத்தவர்கள். கிணற்றில் அள்ளி வாளியால் மிளகாய்க்கன்றுக்கு நீர் வார்த்தவர்களும் அவர்களே. பத்திரம் இருந்த குடும்பங்களிலும் அதிற் பெரும்பாலும் கணவன் பெயரே இருந்தது.